பத்து மணித் திருவாதிரை

"இவ்வளவு பெரிய தொலைநோக்கியிலயும் வெறும் புள்ளிதானா மேடம்?" என்றார் கிருபாகரன்.

"புள்ளிதான் சார்," என்றாள் நப்பின்னை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மலைமேல் இருக்கும் வானாய்வுக் கூடத்தில் வேலை. அவளுடைய மாணவர் கிருபாகரனுக்கு ஐம்பத்தொன்பது. ஜப்பானிய அனிமே படங்களுக்குச் சென்னையில் உட்கார்ந்து இருபது வருஷம் இரவு வானம் வரைந்து கொடுத்தவர். வரைந்தது போதாதென்று, இப்போது நிஜத்தைப் படிக்கிறேன் என்று சனிக்கிழமை தவறாமல் மலையேறி வந்துவிடுகிறார்.

"நான் வரைஞ்ச திருவாதிரை தாம்பாளம் மாதிரி இருக்கும். நீலமா."

"இது சிவப்பு. பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். பிடிக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிறை நிலாவோட வயித்துக்குள்ள நட்சத்திரம் வெச்ச ஆளாச்சே நீங்க! அந்த இருட்டுப் பக்கமும் நிலாதானே சார், அதைத் தாண்டி எப்படித் தெரியும்?"

"யாரும் கேட்கல மேடம். அந்த சீன்ல தியேட்டரே அழுதுச்சு."

மணி பத்தானதும் அவர் எழுந்து வெளியே போனார். வாராவாரம் இப்படித்தான். போய்த் தனியாக அண்ணாந்து நிற்பார். இன்று அவளும் பின்னாலேயே போனாள்.

"யாரைத் தேடுறீங்க சார்?"

சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார்.

"மகள் கனடாவுல, கால்கரியில இருக்கா. போறப்ப ஏர்போர்ட்ல வெச்சு, 'இனி எனக்குப் பொண்ணே இல்ல'ன்னுட்டேன். நாலு மாசமாகுது. நானும் கூப்பிடல, அவளும் கூப்பிடல."

"சரி, திருவாதிரை எதுக்கு?"

"நான் கடைசியா வரைஞ்ச படத்துல அப்பாவும் பொண்ணும் வேற வேற நாட்டுல இருப்பாங்க. ஒரே நேரத்துல ஒரே நட்சத்திரத்தைப் பார்ப்பாங்க. கோபமெல்லாம் போயிடும். அவளுக்கு அந்தப் படம்னா உசுரு. அதான் தினமும் பத்து மணிக்கு நான் பார்க்கிறேன். அவளும் பார்த்துக்கிட்டிருப்பா, இல்ல?"

வீட்டில் அவருக்கென்று ஒரு ஆள் இல்லை. நாலு மாதமாக அந்தப் புள்ளி ஒன்றுதான் துணை.

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நப்பின்னைக்கு அது வரவில்லை.

"பார்க்க மாட்டா சார்."

"ஏன்?"

"அங்க இப்போ காலை ஒன்பதரை. நீங்க அண்ணாந்து பார்த்த ஒருநாள்கூட அவளுக்கு அது ராத்திரி இல்ல."

கிருபாகரன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ, இத்தனை நாளும் நான் மட்டும்தானா?"

"நீங்க மட்டும்தான்."

"பகல்ல அவளுக்கு என்ன மேடம் தெரியும்?"

அவர் சட்டைப் பையில் அணைந்து கிடந்த செல்போனை நப்பின்னை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள்.

"பகல்னா முழிச்சிருப்பா, சார்."