கிளியின் கழுத்தில் விழுந்த கண்ணி

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டன. மனிதன் பேசுவதை மட்டும் அவை காதில் வாங்குவதில்லை. வாங்கிக்கொண்டது ஒரே ஒரு கிளிதான். அதுவும் வெறும் ஒப்பித்தல் இல்லை. என்ன சொல்கிறான், எதற்குச் சொல்கிறான் என்பதுவரை அதற்குப் புரியும். அந்த நாளில் கிளிகளைப் பார்த்து ஆண் எது, பெண் எது என்று சொல்லவும் முடியாது. தலையிலிருந்து வால்வரை எல்லாம் ஒரே பச்சை. எது அதட்டுகிறதோ அது பெண், எது ஒதுங்கி நகர்கிறதோ அது ஆண் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மலைச்சரிவில் ஒரு தினைக்கொல்லை இருந்தது. அதன் மேட்டோரத்து வேங்கை மரத்தில், ஒரு பொந்துக்குள் பவளி என்ற பெண்கிளி அடைகாத்துக்கொண்டிருந்தாள். பொந்து அவள் குடைந்ததல்ல. கிளிகளுக்கு அந்த உழைப்பெல்லாம் ஆகாது. ஒரு மரங்கொத்தி தலைவலிக்கத் தலைவலிக்கக் கொத்திக் குடைந்தது அது. மரங்கொத்தி இரை தேடப் போன நேரம் பார்த்துப் பவளி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். திரும்பி வந்த மரங்கொத்தி நியாயம் கேட்டபோது, "வாசல்தான் கொஞ்சம் சின்னதா இருக்கு, நான் பெருசாக்கிக்கிறேன்" என்று பெரிய மனதோடு பதில் சொன்னாள்.

பொந்துக்கு நேர் கீழே காவல் பரண். சடையன் என்ற குடியானவனின் மகள் பூவாயி அதில் உட்கார்ந்து, மூங்கில் தட்டையை அடித்துக் கிளி விரட்டுவாள். விரட்டாத நேரத்தில் பூத் தொடுப்பாள், தோழிகளோடு ஊர்க்கதை பேசுவாள். பவளி மனிதப் பேச்சைக் கற்றது அங்கேதான். கற்றதை வீணாக்கவும் இல்லை. "நாளைக்கு நாங்க சந்தைக்குப் போறோம்" என்று பூவாயி சொன்னால், மறுநாள் கிளிக்கூட்டம் மொத்தமும் கொல்லையில் இறங்கியிருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். காதுள்ள கிளி அதைவிட நன்றாகவே பிழைத்தது. கூட்டத்தில் பவளி வைத்ததுதான் சட்டம்.

அவளுடைய துணை தளிரன் இந்த விஷயத்தில் சுத்த மக்கு. சந்தை என்றால் அதைத் தின்னலாமா என்று கேட்பான். ஆனால் மனசு தங்கம். பொழுது புலர்ந்தால் இரை தேடிப் போவான், கழுத்து புடைக்கக் கொண்டுவருவான், பொந்து வாசலில் தலை தாழ்த்தி நின்று அவளுக்கு ஊட்டுவான். தாமதமானால் மண்டையில் ஒரு கொத்து விழும், அதையும் வாங்கிக்கொள்வான். பவளி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவன் படித்த ஒரே படிப்பு.

தினை முற்றிய சமயம். ஒருநாள் மதியம் சடையன் பரணடியில் வந்து நின்றான். கதிர்களைப் பார்த்தான். பாதிக்கு மேல் வெறும் சக்கையாக நின்றது.

"இனிமே கவணும் வேண்டாம், தட்டையும் வேண்டாம் புள்ள," என்றான் மகளிடம். "கிளி எறங்குற பக்கமெல்லாம் கண்ணி கட்டிட்டேன்."

"எல்லாத்துக்குமாப்பா?"

"வர்ற கழுத்துக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு இருக்கு."

மேலே பொந்தில் பவளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் பறவை பிடிக்கும் சுருக்குக்குப் பெயர் கண்ணி. சூடிக்கொள்ளும் பூச்சரத்துக்கும் பெயர் கண்ணிதான். பவளி பேச்சுக் கற்றது பூத் தொடுக்கும் பெண்ணிடம். "வெட்சிக் கண்ணி கட்டப் போறேன்", "அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை போட்டுக்கிட்டது நான் கட்டுன கண்ணிதான்" என்று பூவாயி வாயால் கேட்ட கண்ணி எல்லாம் பூவாகவே இருந்தது. வேட்டைப் பேச்சு ஆண்கள் காட்டுக்குள் பேசிக்கொள்வது. பரணேறி வந்ததே இல்லை.

சாயங்காலம் கூட்டம் அடைய வந்ததும் பவளி பொந்து வாசலில் நின்று அறிவித்தாள். "மனுசங்க நமக்கு மரியாதை செய்யறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கண்ணி! கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுற மாதிரி!"

கிளிகள் போட்ட கூச்சலில் மரம் அதிர்ந்தது. மேல்கிளையில் இருந்த மரங்கொத்திதான் மெதுவாகக் கேட்டது: "அவங்க தினையை நீங்க தின்னதுக்கா மரியாதை?"

"பொந்து போன வயித்தெரிச்சல் உனக்கு," என்றாள் பவளி.

"அது இருக்கட்டும். நான் கீழ பறந்து பார்த்தேன். கழிக்குக் கழி கயிறு கட்டி நார்தான் தொங்குது. கரி பூசின நார். ஒரு பூவைக்கூடக் காணோமே?"

பவளி ஒரு நொடி தடுமாறினாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டம் முழுவதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரியாது என்ற சொல்லை அவள் யாரிடமும் கற்றிருக்கவில்லை.

"பூ எதுக்கு? பச்சை உடம்பும் சிவப்பு மூக்குமா நாம போய் உக்காந்தா நாமதான் பூ," என்றாள். "மொதல் கண்ணி என் வீட்டுக்காரருக்கு. அப்புறம் மத்தவங்க."

தளிரன் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. இதுவரை அவனை யாரும் எதற்கும் முதலில் நிறுத்தியதில்லை. விடிந்ததும் ஓடைக்குப் போய்க் குளித்து, ஒவ்வொரு இறகாக அலகால் நீவிவிட்டுக்கொண்டு வந்தான். பொந்து வாசலில் நின்று, "போயிட்டு வரேன்," என்றான். பவளி அவன் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை எடுத்துவிட்டு அனுப்பினாள்.

அவன் கீழே இறங்கினான். கரி பூசிய சுருக்குகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முற்றிய கதிர். மற்ற பறவையாக இருந்தால் கதிரை எட்டிக் கொத்தப் போய் மாட்டியிருக்கும். தளிரன் கதிரைப் பார்க்கவே இல்லை. மரியாதை வாங்குகிறவன் எப்படி வாங்க வேண்டுமோ அப்படித் தலையைத் தாழ்த்தி, தானாகவே கழுத்தை உள்ளே நீட்டினான்.

சுருக்கு இறுகியது.

சிறகுகள் படபடத்ததைக் கண்டதும் பவளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குப் பின்னால் கூட்டம் கிளம்பத் தயாராகச் சிறகு விரித்திருந்தது. எச்சரிக்கை செய்ய அத்தனை பேச்சில் ஒரு பேச்சும் வாயில் வரவில்லை. கீ, கீ என்று கத்தத்தான் முடிந்தது. நல்லவேளை, அந்தக் கத்தலைக் கேட்டுக் கூட்டம் திரும்பி மேலே பறந்தது. கிளிகள் பறக்கும்போதெல்லாம் கத்திக்கொண்டே பறப்பது அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம்.

முட்டைகளை விட்டுவிட்டுப் பவளி கீழே பாய்ந்தாள். அதே நேரத்தில் பூவாயியும் பரணிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். கிளி பேசியதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை; காலம் அப்படி.

"கண்ணின்னு சொன்னீங்களே!" என்று கதறினாள் பவளி.

"ஆமா, கண்ணிதான்."

"கண்ணின்னா பூவு!"

"அது நான் கட்டுறது. இது எங்கப்பா கட்டுறது."

"ரெண்டுக்கும் ஒரே பேரா?"

"ஒரே பேருதான்," என்றாள் பூவாயி. "எனக்கு இதுவரைக்கும் தோணவே இல்ல."

"அவுத்து விடு. உன் கால்ல விழறேன். பொந்துல முட்டை இருக்கு. இவரு போனா எனக்கு ஊட்ட ஆளில்ல. நான் எறங்கிப் போனா அதுங்களுக்குச் சூடில்ல."

பூவாயி சுருக்கைப் பார்த்தாள். தளிரனின் கண்கள் மூடத் தொடங்கியிருந்தன.

"போன வருசம் நீங்க தின்னுட்டுப் போனதுக்கப்புறம் நாங்க காட்டுக்கெழங்கைத் தோண்டித்தான் தின்னோம்," என்றாள். "கைப்புள்ளைக்குக் குடுக்க எங்கம்மாகிட்ட பாலில்ல. நான் அவுக்க மாட்டேன்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்பாவைக் கூப்பிடவும் மாட்டேன். சீக்கிரம்."

பவளி தளிரனின் முதுகில் ஏறி நின்று கழுத்தின் பின்பக்கம் நாரைக் கடித்தாள். நார் இறகுக்குள் புதைந்திருந்தது. நார் எது, தோல் எது என்று தெரியாமல் கடித்தாள். ரத்தம் கசிந்து கழுத்தைச் சுற்றிப் பரவியது. கடைசி இழை அறுந்ததும் இருவரும் தினைத்தாளில் விழுந்தார்கள். அங்கிருந்து எப்படி மரத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று அவளுக்கே தெரியாது.

பொந்து வாசலில் தளிரன் நெடுநேரம் மூச்சு வாங்கினான். தொண்டையில் நாரின் கரி கறுப்பாகப் படிந்திருந்தது. பின்கழுத்தில் அவள் கடித்த இடம் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம்.

பவளிக்கு வெட்கமாக இருந்தது. அழுகை அழுகையாக வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் கண்ணைத் திறந்தான். மனிதப் பேச்சில் ஒரு சொல்லும் தெரியாதவன். கீழே அவர்கள் பேசியது அவன் காதில் வெறும் சத்தம். மரியாதை செய்யும்போது கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"கண்ணி எனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

பவளி அவனையே பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"எல்லாரும் பார்த்தாங்க."

"உனக்கும் ஒண்ணு இருந்துச்சே. நீ போட்டுக்கலையா?"

"எனக்கு வேண்டாம். உனக்குத்தான் பொருத்தம்."

தளிரன் அந்த வலியிலும் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தான். ஓடையில் எத்தனை முறை குளித்தும் கறுப்பு போகவில்லை. காயம் ஆறியும் சிவப்பு மாறவில்லை. அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகளில் ஆண் குஞ்சுகளுக்கும், துணை தேடும் வயது வந்தபோது, அதே இடத்தில் அதே வளையம் முளைத்தது.

கூட்டத்தார் முன்போலவே பவளியிடம் வந்தார்கள். "கீழே என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். கேட்டதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்றபோது தலையை ஒரு பக்கம் சாய்த்து அவர்களைப் பார்த்தாள், அவ்வளவுதான். குஞ்சுகளுக்கும் சொல்லைக் கற்றுக்கொடுத்தாள், பொருளைக் கற்றுக்கொடுக்கவில்லை. சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்று இன்று நாம் கேலி செய்கிறோம்.

அன்று முதல்தான் ஆண்கிளிகள் மட்டும் கழுத்தில் ஆரத்தோடு திரிகின்றன. துணை தேடும் காலத்தில் பெண்கிளியின் முன்னால் போய், நிமிர்ந்து நின்று அதைக் காட்டுகின்றன. பெண்கிளியும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது என்னவென்று சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.