மூன்றாவது மாடிப் பாட்டு

“என் மூச்சையெல்லாம் எடுத்துடுங்க, டீச்சர்” என்றார் பொன்னுரங்கம்.

பெர்பெத்துவா திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம.”

சாலிகிராமத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் அவளுடைய ஒலிப்பதிவுக்கூடம். அவளுக்கு வயது முப்பத்தாறு. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வராது. எதையாவது செய்து காட்டுவாள்.

பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்து மூன்று. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். ஆறு ஆல்பம் வந்தாயிற்று. ஏழாவதுக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எட்டுப் பாட்டு முடிந்து, கடைசிப் பாட்டில் மாட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் காலை ஆல்பத்தை அனுப்பியாக வேண்டும்.

“மூச்சு இருந்தா என்னண்ணே?”

“முதல் ஆல்பத்துல நாலு வரியை ஒரே மூச்சுல பாடினவன் நான். இன்னைக்கும் அதைத்தான் சொல்லிட்டிருக்காங்க. இப்ப வரிக்கு ரெண்டு தடவை இழுக்கிறேன். ஹெட்போன்ல கேக்கிறவனுக்குத் தெரியாதா?”

“என்ன தெரியும்?”

“ஆளு முடிஞ்சான்னு.”

பாடும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, யாரோ பிடித்துவிடுவார்கள் என்பதுபோல இழுத்திருந்தார். அப்படியும் மைக் பிடித்துவிட்டது.

அவள் வாதாடவில்லை. திரையில் பாட்டு நீளக் கோடாகக் கிடந்தது. வரிக்கும் வரிக்கும் நடுவே அவர் இழுத்த மூச்செல்லாம் சின்னச் சின்னப் புடைப்புகளாக. ஒவ்வொன்றாக வெட்டினாள். நாற்பத்தேழு.

“கேக்கறீங்களா?”

“போடுங்க.”

வழவழவென்று ஓடியது பாட்டு. இருபத்தைந்து வயதுக்காரன் பாடுவதுபோல இருந்தது. கண்ணை மூடிக் கேட்டார். ஆனாலும் நிம்மதி வரவில்லை. இன்னும் பயம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சாந்தாமணி வந்தாள். கீழே டீக்கடை வைத்திருப்பவள். தினமும் நாலு மணிக்கு ஃபிளாஸ்க்கும் கிளாஸுமாக மூன்று மாடி ஏறி வருவாள். கதவருகே நின்று, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கினாள்.

“உக்காருங்கக்கா.”

“உக்காந்தா எந்திரிக்க மனசு வராது சார்.”

அந்தக் கடைசிப் பாட்டே அவளைப் பற்றியதுதான். அவள் ஏறி வரும் சத்தத்தை வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவர் எழுதியது. அவளிடம் சொன்னதில்லை.

“ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்கக்கா” என்று பெர்பெத்துவா முதலிலிருந்து போட்டாள்.

*ஒரு மாடி உனக்கு, ஒரு மாடி உன் பிள்ளைக்கு,*
*மூணாவது மாடி யாருக்கு, சொல்லு…*

டீயை ஊற்றிக்கொண்டே சாந்தாமணி முழுசும் கேட்டாள்.

“நல்லாருக்கு சார். யாரு அந்தம்மா?”

“படியேறி வேலைக்குப் போற ஒரு அம்மா.”

“படியேறியா?” அவள் யோசித்தாள். “லிஃப்ட்ல போற மாதிரில்ல இருக்கு.”

பெர்பெத்துவா டீயை உறிஞ்சினாள். அவரைப் பார்க்கவில்லை.

சாந்தாமணியின் செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கியதும் பொன்னுரங்கம் திரைப்பக்கம் திரும்பினார்.

“டீச்சர், வெட்டினதைத் திரும்பப் போட முடியுமா?”

“முடியும்.”

“போட்டுடுங்க.”

“வேணாம். அத்தனையும் ஒளிஞ்சு இழுத்த மூச்சு.”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? காலையில அனுப்பணும்.”

அவள் எழுந்தாள். மைக்கை நகர்த்தி வாசலுக்கு நேராக வைத்தாள். கதவை விரியத் திறந்தாள். காலி கிளாஸ் இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

“இதைக் கீழே குடுத்துட்டு வாங்க. பாவம், அந்தக்கா இதுக்காக இன்னொரு தடவை ஏறணும்.”

“இப்பவா?”

“இப்பதான். வந்து உக்கார வேணாம். நேரா மைக்குக்கு வாங்க.”

பொன்னுரங்கம் இறங்கினார். கிளாஸைக் கொடுத்தார். ஏறத் தொடங்கினார்.

முதல் மாடியிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. மேலே, திறந்த கதவின் வழியே, பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கின் வெளிச்சம் படியில் விழுந்திருந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் முடியாமல் நின்று, சுவரில் கையை ஊன்றினார்.

அந்த இடம், கை பட்டுப் பட்டு, ஏற்கெனவே கறுத்திருந்தது.