செங்கான் கண்ட பாம்பு

ஏரிக்குக் கரை போட்ட ராஜாவை ஊரார் கண்ணால் பார்த்திருந்த காலத்தில், கடம்பேரி என்று ஓர் ஊர் இருந்தது. கிட்ட வந்து உட்காருங்கள். முட்டை வாடை ஆகாதவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரலாம்.

அந்த ஏரியில் நிற்கும் மரங்களுக்கு வருஷா வருஷம் நாரைகள் வரும். ஊரார் அவற்றைப் பறவை என்று சொல்லவே மாட்டார்கள். "பொண்ணுங்க வந்துட்டாளுங்க" என்பார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்களாம். முதல் கூடு கட்டி முடிந்ததும் கிளைகளில் கண்ணாடி வளையல் மாட்டி வளைகாப்பு நடத்துவார்கள். நாரைகளோ அந்த வளையல் மேலேயே எச்சமிடும். "புகுந்த வீட்டுத் திமிரு" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தக் கூடுகளுக்குக் காவல் செங்கான். தலையில் பெரிய முண்டாசு, கையில் நீளமான மூங்கில், கரைமேல் ஒரு குடிசை.

ஒரு வருஷம் ஒரு சாரைப்பாம்பு மரமேறிவிட்டது. கூட்டுக்குள் தலையை விட்டு முட்டையை விழுங்கியது. தாய் நாரை அலகை அடித்து அடித்து அலறியது. செங்கான் ஓடிப் போய் மூங்கிலால் பாம்பைத் தட்டிவிட்டான்.

ஊரே திரண்டு வந்து அவனுக்குத் துண்டு போர்த்தியது. ஊர்த் தலைவரான அம்பலகாரர் தொண்டையைச் செருமினார். "ம்ஹ்ம்... நம்ம பொண்ணுங்களுக்கு... ம்ஹ்ம்... இவன்தான் இனிமே தாய்மாமன்" என்றார். செங்கானுக்கு நெஞ்சு நிறைந்தது.

அன்று சாயங்காலம் புல்லில் ஒரு முட்டை கிடந்தது. பாம்பு கூட்டிலிருந்து தள்ளிவிட்டது. விரிசல் கண்ட முட்டை. இதில் இனிக் குஞ்சு வராது, வீணாகத்தானே போகும் என்று நினைத்தான். அடுப்பில் ஓட்டுச் சட்டியைப் போட்டு நல்லெண்ணெய் விட்டான், மிளகு தூவினான், தின்றான்.

ருசியாக இருந்தது. அதுதான் கெடுதல்.

நாலு நாள் கழித்து ஒரு கூட்டில் முட்டை குறைந்தது. இது விரிசல் கண்ட முட்டை இல்லை. மூங்கில் நுனியில் ஒரு வலைப்பை கட்டி எடுத்த முட்டை. ஊரார் கேட்டபோது செங்கான், "பாம்பு" என்றான்.

ஊரார் மரங்களைச் சுற்றி முள் கட்டினார்கள். மறுபடியும் முட்டை குறைந்தது. "பாம்பு" என்றான். ஊரார் வசம்பும் பூண்டும் போட்டுப் புகை மூட்டினார்கள். மறுபடியும் குறைந்தது. "பாம்பு" என்றான்.

அந்தச் சாரைப்பாம்புக்கு மட்டும் பேச வந்திருந்தால், "அய்யா, நான் தவளைக்குத் திரும்பி ரொம்ப நாளாச்சு. முள்ளுல ஏறினா என் வயிறு என்னத்துக்கு ஆகும்" என்று கேட்டிருக்கும். அதற்குத்தான் பேச வராதே.

மூன்றாம் தரம் ஊர் கூடியது.

"முள்ளைத் தாண்டுது, புகையைத் தாண்டுது. இது தானா வர்ற பாம்பு இல்ல, யாரோ ஏவி விடுற பாம்பு" என்றாள் ஒருத்தி.

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மதகடியில் குடிசை போட்டிருந்த சடையன் பாம்பு பிடிக்கிறவன்.

"சாமி, நான் பாம்பைப் பிடிக்கிறவன், அனுப்புறவன் இல்ல" என்றான் சடையன். "காவலய்யா நேர்ல பார்த்தவரு. அவரையே கேளுங்க."

இப்போது எல்லார் தலையும் செங்கான் பக்கம் திரும்பியது. ஒரு வார்த்தை போதும். அவன் நாக்கு அந்த வார்த்தையைத் தொட்டுப் பார்த்தது. தோளில் கிடந்த துண்டும் கனத்தது.

"பாம்புதான்" என்றான். "யாரு வீட்டுப் பாம்புன்னு நான் அதுக்கிட்ட விசாரிக்கல."

கூட்டம் சிரித்தது. செங்கானும் கூடச் சேர்ந்து சிரித்தான். சடையன் சிரிக்கவில்லை. குடிசைக்குப் போய்ச் சட்டிபானைகளை மூட்டை கட்டினான்.

அம்பலகாரர் மகள் செம்பாயி, அவளும் பிரசவத்துக்கு வந்தவள்தான், மெல்ல எழுந்தாள்.

"அப்பா, நேத்து ஆள்விட்டு எட்டிச்சாறு ஏத்துன வாத்து முட்டையைக் கூட்டுக்குள்ள கலந்து வெச்சிருக்கேன். தின்ன பாம்பு உச்சிப் பொழுதுக்குள்ள செத்துக் கிடக்கும். எந்தப் பாம்புன்னு பார்த்துக்கலாம்."

செங்கான் நேற்றும் ஒரு முட்டை தின்றிருந்தான். அதில் ஒரு கசப்பு இருந்ததா? இல்லை. இருந்தது. ஐயோ, இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் விஷமுறிவுக்கு மருந்து தெரிந்தவன் ஒரே ஒருவன்.

அதற்குள் கரைப்பாதையில், கழுதைமேல் மூட்டை ஏற்றி, பெண்டாட்டியோடு போய்க்கொண்டிருந்த சடையன் முன்னால் ஓடிப் போய் விழுந்தான் செங்கான்.

"சடையா... சடையண்ணே. எட்டி. வயித்துல."

எப்படிப் போனது என்று சடையன் கேட்கவில்லை. கழுதையை நிறுத்தி மூட்டையை இறக்கினான். மருந்து வேர்ப்பை மூட்டையின் அடியில் கிடந்தது. அதனால் மேலே கட்டியிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டான். பானை, அகப்பை, கிழிந்த பாய், பாம்புக்கூடை எல்லாம் பாதையில் பரந்து கிடந்தன. வேரைக் கல்லில் அரைத்து அவன் வாயில் ஊற்றி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். செங்கான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான்.

பின்னாலேயே ஊரும் வந்து சேர்ந்துவிட்டது. எல்லாருக்கும் பின்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு செம்பாயி வந்தாள்.

"விஷமும் இல்ல, வாத்து முட்டையும் இல்ல மாமா. நம்ம பொண்ணுங்க கூட்டுல நான் விஷம் வெப்பேனா? முட்டை குறைஞ்ச அன்னிக்கெல்லாம் சாயங்காலம் உங்க குடிசைப் பக்கமிருந்து மிளகு வாடை வந்துச்சு. புள்ளத்தாச்சி மூக்குக்கு அது தப்புமா?"

ஒருவரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"இன்னும் ஒரு வாய் கொப்பளிங்க, காவலய்யா" என்று சடையன்தான் தண்ணீர் நீட்டினான்.

செங்கான் நிமிர முடியாமல் குனிந்து, பாதையில் கிடந்த பானையை எடுத்து மூட்டையில் வைக்கப் போனான். சடையனின் பெண்டாட்டி அதை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"விடுங்க. நாங்களே எடுத்துக்குறோம்."

அம்பலகாரருக்கு இந்தத் தரம் செருமக்கூட வரவில்லை. "சடையா, திரும்பி வந்துரு" என்றார்.

"எங்களை அனுப்பினது காவலய்யா மட்டும் இல்லீங்களே சாமி" என்றான் சடையன். மூட்டையைத் திரும்பக் கட்டினான். கழுதை நடந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேட்டவர்களே, செய்த தப்பைப் பேசாத பாம்பின் மேல் போட்டாலும், அந்தப் பழி பாம்போடு நிற்காது, குற்றமில்லாத ஒரு மனிதன் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.