மயிலைக்குக் கடைசிப் பிடி

முன்னொரு காலத்துல, மேற்கு மலையடிவாரத்து நாட்டை வீரகண்டன்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டிருந்தார். தங்கமான மனுஷன்தான். ஆனா ஒண்ணு மேல கண்ணு வச்சுட்டாருன்னா, பொழுது சாயறதுக்குள்ள அது கைக்கு வந்தாகணும். இல்லேன்னா அரண்மனையில ஒருத்தரும் நிம்மதியா சாப்பிட முடியாது.

அந்த நாட்டுல பாலக்கரைன்னு ஒரு சிற்றூர். அங்க அங்காத்தான்னு ஒரு குடும்பத்துக்காரி; அவ வீட்டு மாடுகளைப் பார்த்தா வழிப்போக்கனும் நின்னுட்டுத்தான் போவான். மாமனாரைப் பெத்த நாச்சப்பக் கிழவர்ல இருந்து, இடுப்புல இருக்கிற கைக்குழந்தை வரைக்கும் நாலு தலைமுறையும் ஒரே கூரைக்குக் கீழ இருந்த வீடு அது. அந்த வீட்டுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலமானா எல்லாரும் வரிசையா நின்னு, மாட்டுக்கு ஆளுக்கு ஒரு பிடி தீவனம் கையாலேயே குடுக்கணும். முதல் பிடி கிழவருது, கடைசிப் பிடி குழந்தையோடது. அதுக்கப்புறந்தான் மாடு தொட்டியில வாய் வைக்கும், மனுஷங்க சோத்துல கை வைப்பாங்க. கன்னுல இருந்தே பழகின பழக்கம்.

அவங்க வீட்டுல சாம்பல் வெள்ளையில ஒரு காளை, பேரு மயிலை; அதை ஒரு நாள் ராசா பார்த்துட்டார். அவ்வளவுதான்!

கூடவே வந்த கொட்டில் அதிகாரி சிங்கராயருக்கு வயிறு எரிஞ்சது. அவர் பொறுப்புல இருந்த அரண்மனைக் காளை ஒண்ணுகூட இதுக்குக் கிட்ட நிக்காது. "மகாராசா, உங்களுக்கே இல்லாத காளை இந்தப் பட்டிக்காட்டுக்காரங்களுக்கு எதுக்கு?" என்று ஊதிவிட்டார்.

அங்காத்தாளைச் சபைக்குக் கூப்பிட்டு, காளையைக் கேட்டாங்க. அவ ஒண்ணும் கூனிக்குறுகி நிக்கிற ஆளில்லை. நிமிர்ந்து நின்னு சொன்னா. "கூட்டிட்டு வந்துருவீங்க சாமி. ஆனா எங்க கை படாம அவன் தின்ன மாட்டானுங்க."

சிங்கராயர் விழுந்து விழுந்து சிரிச்சார். "மாட்டுக்கு வாயும் வயிறும்தானே அம்மா! அரண்மனைப் பருத்திக்கொட்டையைக் கண்டா உன் வீடு எந்தத் திசையில இருக்குன்னே மறந்துடும்."

"சரி, மூணு நாள் கெடு" என்றார் ராசா. "மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள இங்க தின்னா, காளை எனக்கு. தின்னாம இருந்தா உனக்கு."

மயிலை அரண்மனைக்கு வந்தது. பருத்திக்கொட்டை வச்சாங்க, வெல்லம் கலந்த தவிடு வச்சாங்க. ம்ஹூம்! வாசல் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னது. ரெண்டாம் நாள் சிங்கராயர் ஒரு யோசனை பண்ணார். வேலைக்காரங்களுக்குக் கிழவன், கிழவி, மருமகள்னு வேஷம் போட்டு, ஒருத்தன் இடுப்புல தலையணையைக் குழந்தை மாதிரி சுத்தி வரிசையில விட்டார். மயிலை ஒரு சீறு சீறுச்சு பாருங்க, வேஷமெல்லாம் கலைஞ்சு ஓடிச்சு. சிங்கராயர் தவிட்டுத் தொட்டிக்குள்ள குப்புற விழுந்தார்.

மூணாம் நாள் மத்தியானம் பாலக்கரைக்குச் சேதி வந்தது, காளை படுத்துருச்சுன்னு.

"இன்னும் கொஞ்ச நேரந்தான், பல்லைக் கடிச்சுக்கோ" என்றான் அங்காத்தா புருஷன். "பொழுது சாஞ்சா மயிலை நம்மளுது."

அங்காத்தாளுக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. "பட்டினியில அவன் படுத்துக் கிடக்கிறான், நான் வாசல்ல உக்காந்து சூரியனைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? வண்டியைப் பூட்டுங்க!"

மொத்தக் குடும்பமும் வெயில் இருக்கும்போதே அரண்மனைக் கொட்டிலுக்குள்ள நுழைஞ்சது. நாச்சப்பக் கிழவர் முதல் பிடி நீட்டினார். மயிலை முட்டி போட்டு எழுந்து தின்னது. ஒவ்வொரு கையா வந்து, கடைசியில குழந்தையோட குட்டிக் கையையும் நக்கிட்டுத் தொட்டிக்குள்ள தலையை விட்டது.

"தின்னுருச்சு! பொழுது சாயல! காளை மகாராசாவுக்கு!" சிங்கராயர் குதிச்சார்.

ராசாவுக்கு ஒண்ணும் புரியல. "ஏம்மா, சும்மா இருந்திருந்தா நீதானே ஜெயிச்சிருப்பே?"

"மாட்டைப் பட்டினி போட்டு ஜெயிச்சா நாங்க மாடு வளர்க்கிற குடும்பமே இல்லீங்க. தோத்துட்டோம். மயிலை உங்களுது." கண்ணைத் துடைச்சுக்கிட்டு அங்காத்தா சொன்னா, "சரி, வாங்க. உடையவர் நீங்க இன்னும் பிடி குடுக்கலையே. வரிசைக்கு வாங்க."

ராசா மிடுக்கா முன்னால போய் நின்னார்.

"அங்க இல்லீங்க, அது பெரியவர் இடம். மயிலைக்குக் கடைசியா வந்த சொந்தம் நீங்கதான். பாப்பாவுக்குப் பின்னால நில்லுங்க."

"என்ன திமிர்!" என்று சிங்கராயர் கத்தினார். ராசா முகம் சிவந்தது. குழந்தை அவரைப் பார்த்துப் பொக்கை வாயால சிரிச்சது. என்ன நினைச்சாரோ, பின்னால போய் நின்னார். மயிலை அவர் உள்ளங்கையை ரொம்ப நேரம் மோந்து பார்த்துட்டு, தின்னது. ராசாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

"அப்ப நாளைக்கும் இதே நேரம் வர்றோமுங்க" என்றா அங்காத்தா. "நாளன்னைக்கும் வருவோம். பெரியவர் மட்டும் வண்டியில கொஞ்சம் அசந்து போவார். ஆனா ராசா வீட்டுக் காளையைப் பட்டினி போட முடியுங்களா?"

ராசாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு! "ஒரு குடும்பமே இங்க வர்றதுக்கு, நான் ஒருத்தன் அங்க வந்துட்டுப் போறேன். மயிலை உங்க கொட்டில்லயே இருக்கட்டும். அந்த வரிசையில என் இடத்தை மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. சிங்கராயரே, தீவனக் கூடையை இனிமே நீர் தூக்கிட்டு வாரும்!"

அன்னையில இருந்து சாயங்காலமானா ராசா பாலக்கரையில இருப்பார், பின்னால கூடையோட சிங்கராயர். அடுத்த வருஷம் ஒரு நாள் ராசா சபைக்குள்ள ஓட்டமும் நடையுமா வந்தார். ரெண்டு நாட்டை ஜெயிச்சப்பகூட அந்த முகத்துல அப்படி ஒரு பெருமையை யாரும் பார்த்ததில்லை.

"கேட்டீங்களா சேதியை? அங்காத்தா கொழுந்தனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு! இனிமே நான் கடைசி இல்லை!"