சாப்பிட்டாயிற்றா என்று கேட்ட குயத்தி

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டைப் பூபதிவாணன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். சிவபூசை முடியாமல் ஒரு பருக்கையும் தொடாதவன். ஆனால் மனம் குளிர்ந்தால் யானையைப் பரிசளிப்பான். கொதித்தால் நாட்டைவிட்டே துரத்துவான்.

இரண்டாண்டுகள் மழை பொய்த்தது. அரண்மனைக் களஞ்சியத்தைத் திறக்கும்படி வேண்ட வந்தாள் உலகுடையாள் என்னும் குயத்தி. முதன்முறை அழுதாள், அவை நகைத்தது. மறுமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"ஆறு மாதமாக எங்கள் ஊரில் ஒரு சோற்றுப்பானை உடையவில்லை, மகாராஜா. அடுப்பில் ஏறினால்தானே உடையும்?"

களஞ்சிய அதிகாரி தண்டபாணியாருக்குப் பொறுக்கவில்லை. "பானை விற்காததற்குப் பஞ்சம் என்று பெயர் சூட்டுகிறாள்! நானே வீடுவீடாகப் போய், ‘சாப்பிட்டாயிற்றா?’ என்று கேட்டேன். ஒருவர் விடாமல் ‘ஆயிற்று’ என்றார்கள்."

மன்னன் சீறினான். "இன்னொரு முறை பொய்யோடு வந்தால் உன்னை நாடு கடத்துவேன்!"

ஊர் திரும்பியவள் அடுத்த வீட்டு வாசலில் பேச்சியைக் கண்டாள்.

"சாப்பிட்டாச்சா, அக்கா?"

"ஆச்சுடி" என்று சிரித்தாள் பேச்சி.

மறுநாள் அந்த வீட்டுக் கதவு திறக்கவேயில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள் உலகுடையாள். பேச்சியின் உடல் சில்லிட்டுக் கிடந்தது. அடுப்பில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

நாள்தோறும் கேட்டாளே! நாள்தோறும் அந்தப் பதிலை நம்பினாளே! அதிகாரி செய்த பிழையைத் தானும் செய்திருக்கிறோம் என்ற எண்ணம் இடியாக இறங்கிற்று. அழக்கூட வரவில்லை.

மூன்றாம் முறை அவை புகுந்தாள். அன்று திருவாதிரை. அபிஷேகம் நீண்டுவிட்டதால் மன்னனும் அதிகாரியும் கோயிலிலிருந்து நேரே வந்து அமர்ந்திருந்தார்கள். அவர்கள் நெற்றியில் திருநீற்றின் ஈரம் இன்னும் உலரவில்லை. அதைக் கண்டுகொண்டாள்.

"நான் சொன்னது நினைவிருக்கிறதா?" என்றான் மன்னன்.

"இருக்கிறது, மகாராஜா." அதிகாரியின் பக்கம் பணிவாகத் திரும்பினாள். "ஐயா, சாப்பிட்டாயிற்றா?"

"ஆயிற்று, ஆயிற்று. வந்த காரியத்தைச் சொல்."

மன்னன் திடுக்கிட்டான். "தண்டபாணியாரே! விடியற்காலையிலிருந்து சந்நிதியில் என் பக்கத்திலேயே நின்றீரே. எப்போது உண்டீர்?"

அதிகாரியின் முகம் வெளுத்தது. "அது... யாராவது கேட்டால் அப்படிச் சொல்வதுதானே வழக்கம், மகாராஜா?"

"அதே வழக்கந்தான் எங்கள் ஊரிலும்" என்றாள் உலகுடையாள். "என் அடுத்த வீட்டுப் பேச்சியும் அப்படித்தான் சொன்னாள். மறுநாள் இறந்து கிடந்தாள்."

மன்னன் அரியணையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். எல்லா உயிர்க்கும் படியளக்கும் ஈசனுக்குக் குடங்குடமாகப் பாலைச் சொரிந்துவிட்டு வந்த தன் கைகளைப் பார்த்தான்.

"களஞ்சியத்தைத் திறவுங்கள்! ஊர்தோறும் அடுப்பு மூட்டுங்கள். எவரையும் கேட்க வேண்டாம். இலையைப் போட்டுவிட்டு அழையுங்கள். தண்டபாணியாரே, இனி நீர் வீடுவீடாகக் குனிந்து, அடுப்புச் சாம்பல் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து வந்து சொல்லும்!"

பிறகு குரல் தாழ்த்திக் கேட்டான். "இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாய். நீ சாப்பிட்டாயா, தாயே?"

"ஆயிற்று, மகாராஜா."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்தவள், அதிர்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னன் அரியணையைவிட்டு இறங்கினான்.

"முதல் இலையை இங்கேயே போடுங்கள்" என்றான்.