ஊசியக்கா வீட்டுப் பத்து மீன்

ஒரு காட்டில் ஒரு மடு இருந்தது. மடு என்றால் ஆற்றில் ஆழமான இடம், பிள்ளைகளே. கோடையில் ஆறு முழுக்க மணலாகக் கிடந்தாலும் மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். தண்ணீருக்குள் மீன் இருக்கும். அதை நம்பித்தான் கரையில் அத்தனை குடும்பங்களும் பிழைத்தன.

அந்த மடுவுக்கு ஒரே ஒரு விதி. ஒரு வீட்டில் எந்த நேரமும் பத்து மீனுக்கு மேல் இருக்கக் கூடாது. இன்று பிடித்தது, நேற்றைய மிச்சம், பாறையில் காய வைத்தது, மூலையில் மூடி வைத்தது, எல்லாம் சேர்த்துத்தான் பத்து. ஒன்றைத் தின்றால் ஒன்றைப் பிடிக்கலாம். மீறினால் குடும்பத்தோடு மடுவை விட்டுப் போக வேண்டும். ஒளித்து வைக்க இடம் கொடுத்தவருக்கும் அதே கதிதான்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை நாரையார் வீடு வீடாக வந்து எண்ணிப் பார்ப்பார். அவர் எண்ணிக்கை ஒரு நாளும் தப்பியதில்லை. அவர் முகத்தில் சிரிப்பை ஒரு நாளும் யாரும் பார்த்ததில்லை.

துழாவி என்ற நீர்நாய் அந்தக் கரைக்குப் புதியவள். போன கோடையில் அவளுடைய பழைய மடு வற்றிப்போனது. நான்கு குட்டிகளோடு கிளம்பியவள், மூன்று குட்டிகளோடுதான் இங்கே வந்து சேர்ந்தாள். அன்று அவளைத் தன் வாசலில் பார்த்து, "யாரும்மா அது? பிள்ளைங்களோட வெயில்ல நிக்கிறியே, உள்ள வா" என்று கூப்பிட்டவள் ஊசியக்கா என்ற முள்ளம்பன்றி. துழாவி தனக்கென்று பக்கத்தில் ஒரு வளை தோண்டும்வரை ஊசியக்கா தன் வளையில் பாதியை விட்டுக்கொடுத்தாள். கரைக்காரர்களும் மற்றவர்களைப் போலவே துழாவிக்கும் பத்து மீன் என்று சொல்லிவிட்டார்கள்.

துழாவி அதை மறக்கவில்லை. தினமும் தண்ணீரில் இறங்கும் முன் கரையைப் பார்த்து ஒருமுறை தலை தாழ்த்திவிட்டுத்தான் இறங்குவாள். நன்றி நிறைய இருந்தது, பிள்ளைகளே. ஆனால் பயமும் இருந்தது. மறுபடியும் வெயில் ஏற ஏற, அந்த நான்காவது குட்டியின் நினைப்பு அவளை விடாமல் துரத்தியது.

ஒரு நாள் அவள் வளை வாசலில் கவலையோடு உட்கார்ந்திருந்தபோது வக்கணையன் என்ற கீரி வந்தான். பேச்சில் அவனை வெல்ல அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கு?"

"தண்ணி குறையுதுண்ணே. வீட்டுல பத்து மீன்தான் இருக்கு. மூணு பிள்ளைங்களுக்கு அது எத்தனை நாளைக்கு வரும்?"

"அட, இதுக்கா இந்தக் கவலை? உன் வீட்டுல பத்து. சரி. ஊசியக்கா வீட்டுல எத்தனை?"

"அக்கா மீனே திங்க மாட்டாங்களே. கிழங்கும் வேரும்தானே."

"அதைத்தான் சொல்றேன்! அவளுக்கும் பத்து மீன் உரிமை உண்டு, சும்மா கிடந்து வீணாகுது. பத்து மீனைக் காய வச்சு அவ வளையில போட்டு வை. கேட்டா அவளோடதுன்னு சொல்லு. கொடுத்த மாதிரியும் ஆச்சு, வச்சுக்கிட்ட மாதிரியும் ஆச்சு."

யோசனை சொன்ன கூலிக்கு ஒரு கொழுத்த கெண்டையை வாங்கிக்கொண்டு கீரி போய்விட்டான்.

துழாவிக்கு அது தப்பு என்று தெரியும். தெரிந்தும் செய்தாள். பத்து மீனைப் பாறையில் காய வைத்து, இலையில் சுற்றி, ஊசியக்கா வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்க வளையில ஒரு மூலை கிடைக்குமா?"

ஊசியக்கா பொட்டலத்தைப் பார்த்தாள், துழாவியின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "நீ வந்த அன்னிக்கு உன் பிள்ளைங்க பசியில கத்தினது இன்னும் என் காதுல இருக்கு. வச்சுட்டுப் போ" என்றாள்.

நான்கு நாள் கழித்து நாரையார் எண்ண வந்தார். நீர்க்காகத்தின் வீட்டில் இரண்டு. கிழட்டு மீன்பூனை வீட்டில் ஒன்றுமில்லை. துழாவி வீட்டில் சரியாகப் பத்து. அடுத்தது ஊசியக்கா வீடு. வழக்கமாக வாசலிலேயே "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். அன்று வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். தலையை உள்ளே விட்டார்.

"ஊசியம்மா, இது என்ன?"

"மீனுங்க ஐயா."

"யாரோடது?"

"என்னோடது. எனக்கும் பத்து உண்டில்லையா?"

"உண்டு. ஆனா நீ மீன் தின்னு நான் பார்த்ததில்லையே."

"இப்பதான் பழகிக்கிட்டு வர்றேன்."

"நல்லது. ஒண்ணைத் தின்னு, பார்ப்போம்."

கரையெல்லாம் கூடிவிட்டது. துழாவி குட்டிகளை அணைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். வக்கணையனைத் தேடினாள். அவன் போன திசை தெரியவில்லை.

ஊசியக்கா ஒரு மீனை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். வாழ்நாள் முழுக்கக் கிழங்கு தின்ற வாய்க்குக் காய்ந்த மீன் எப்படி இறங்கும்? குமட்டியது. முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிலர் சிரித்துவிட்டார்கள். அவளோ, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வாய் கடிக்கப் போனாள்.

தனக்கு வீடு கொடுத்தவள் தனக்காக ஊர் நடுவில் நின்று விக்குகிறாள். துழாவியால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"போதும் அக்கா, துப்பிடுங்க!" என்று ஓடி வந்து அந்த மீனைப் பிடுங்கினாள். "ஐயா, இது என் மீன். வீட்டுல பத்து இருக்கும்போதே பயத்துல இன்னும் பத்தைப் பிடிச்சு இங்க ஒளிச்சு வச்சேன். அக்கா மேல தப்பில்ல. அவங்களை இருக்க விடுங்க. நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

குட்டிகள் மூன்றும் அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டன. வெளியே மணல் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் இறங்கினால் இந்த முறை எத்தனை குட்டி மிஞ்சும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நாரையார் ஒரு காலை இறக்கிவிட்டு மற்றக் காலைத் தூக்கிக்கொண்டார்.

"நானே கண்டுபிடிச்சிருந்தா ரெண்டு பேரையும் இப்பவே அனுப்பியிருப்பேன். நீயா வாயைத் திறந்து சொன்னே. அதனால இருக்கலாம். ஆனா பொழுது சாயறதுக்குள்ள இந்தப் பத்தும் மீன் இல்லாத வீட்டுக்குப் போயிடணும். உன் வீட்டுப் பத்து தீர்ற வரைக்கும் நீ தண்ணியில இறங்கக் கூடாது."

துழாவி அவர் காலில் விழாத குறைதான். பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வெட்கத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். மீன்பூனைத் தாத்தா மூன்று மீனைக் கையில் வாங்கி, "முந்தாநாள்லேர்ந்து வெறும் வயிறும்மா. நல்லா இருப்பே" என்றார். முட்டையை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, கொடுத்ததை அலகால் வாங்கி அங்கேயே விழுங்கியது. கடைசி மீனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது துழாவியின் வெட்கம் இன்னும் கூடியது. அவள் வீட்டிலேயே பத்து மீன் இருக்கும்போது, அடுத்த வீட்டுக்காரர்கள் வெறும் வயிறாகக் கிடந்ததை அவள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

கோடை முற்றியது. மடு சுருங்கிச் சுருங்கி ஒரு குட்டையளவு ஆனது. ஆனாலும் அதில் மீன் இருந்தது. அப்போது பார்த்து, துழாவியின் முன்னங்காலில் ஒரு கருவேல முள் ஆழமாக ஏறி, பாதம் வீங்கிவிட்டது. அவளால் நீந்த முடியவில்லை. வீட்டில் இருந்த மீன் தீர்ந்தது. குட்டிகள் ஒரு பகல் முழுக்கப் பட்டினி கிடந்தன. சின்னது அழுவதைக்கூட நிறுத்திவிட்டது. துழாவிக்குப் போன வருஷத்து மணல் கண்முன் வந்து நின்றது.

மறுநாள் காலையில் வாசலில் தொப்பென்று ஒரு சத்தம். மீன்கொத்தி இரண்டு மீனைப் போட்டுவிட்டு, "குஞ்சு பொரிச்சாச்சு துழாவி! நாலும் நலம்!" என்று கத்திக்கொண்டே பறந்தது. மீன்பூனைத் தாத்தா நொண்டி நொண்டி வந்து மூன்றை வைத்தார். நீர்க்காகம் இரண்டு கொடுத்தது, ஆமை இரண்டு கொடுத்தது. கடைசியில் நாரையாரே வந்து ஒன்றை வைத்தார். வைத்துவிட்டு எல்லாவற்றையும் எண்ணினார். "பத்து. சரியா இருக்கு" என்றார். அவர் அலகு ஓரத்தில் அன்று தெரிந்தது சிரிப்புதான் என்று குட்டிகள் பின்னால் அடித்துக் கூறின.

துழாவி கை கூப்பி நின்றாள். அப்போது வாசலில் முட்கள் சலசலத்தன. ஊசியக்கா வந்துகொண்டிருந்தாள். எந்தச் சேற்றில் எப்படித் தேடிப் பிடித்தாளோ, உடம்பெல்லாம் சேறு. ஒரு சின்ன அயிரை மீனை வாலில் பிடித்துத் தூரமாக நீட்டியபடி, மூக்கை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"சீக்கிரம் வாங்கிக்கோடி. நாத்தம் தாங்கல."

துழாவி நாரையாரைப் பார்த்தாள். வீட்டில் பத்து இருந்தது. இது பதினொன்று.

"அக்கா, ஒரு நிமிஷம் வாசல்லயே நில்லுங்க" என்றாள் துழாவி. குவியலிலிருந்து ஒரு மீனை எடுத்துச் சின்னக் குட்டியின் வாயில் வைத்தாள். அது கடகடவென்று தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இப்ப ஒன்பது. உள்ள வாங்க அக்கா."

நீதி: அளவுக்கு மேல் ஒளித்து வைத்த உணவைவிட, அளவோடு பகிர்ந்து வாழ்ந்து சேர்த்த அக்கம்பக்கமே ஆபத்தில் கைகொடுக்கும்.