நூறு எண்ணும் வரை

"கிட்ட நின்னு சுடக் கூடாதுன்னு எதுக்குங்க கோச் ரூல் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் கோவர்த்தனன்.

"வலிக்கும் சார்."

"வலிக்கட்டுமே."

நஸ்ரின் துப்பாக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

பல்லடம் சாலையில் மூடிக் கிடந்த பஞ்சாலை அது. சனி, ஞாயிறுகளில் அங்கே போர் நடக்கும். சிவப்புப் படை, நீலப் படை. வாரத்துக்கு ஒரு கதை. அந்த வாரம், எதிரிகள் சுற்றி வளைத்த ஒரு நகரம். துப்பாக்கியிலிருந்து வருவது சாயம் நிரப்பிய உருண்டைதான். பட்டால் உடையில் கறை படியும். பட்டவன் விழ வேண்டும்.

ஆட்டத்தை நடத்துபவள் நஸ்ரின். புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவளும் அவள்தான். வயது முப்பதைத் தொடவில்லை. கோவர்த்தனனுக்கு நாற்பத்தேழு. பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பவர். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவளிடம் படிக்கிறார். படு என்றால் படுப்பார், ஓடு என்றால் ஓடுவார். ஏன் என்று கேட்டதில்லை. இதுதான் முதல் கேள்வி.

"யாருக்கு வலிக்கணும்?" என்றாள் நஸ்ரின்.

அவர் கூரையைப் பார்த்தார். அங்கே புறாக்கள் இருந்தன.

"என் தம்பிக்கு."

"இங்க வர்றாரா?"

"சிவப்புப் படையில இருக்கான். ஜெகதீசன். அவன் வர்றான்னு கேள்விப்பட்டுத்தான் நானே வந்து சேர்ந்தேன். அவனுக்குத் தெரியாது. முகமூடி போட்டா யாருக்கு யாரைத் தெரியுதுங்க?"

"என்ன பண்ணினார்?"

"எங்கம்மா செத்தப்ப நான் புனேல இருந்தேன். ஃபிளைட் லேட்டு. கொஞ்ச நேரம் பொறுடான்னு போன்ல கெஞ்சினேன். பொறுக்கல. நான் வந்து சேர்ந்தப்ப எரிஞ்சு முடிஞ்சிருந்தது. முகத்தைக்கூடப் பார்க்க விடலைங்க அவன்."

"அம்மாவுக்கு முடியலைன்னு உங்களுக்கு எப்ப சொன்னாங்க?"

"அதுக்கு ஒரு வாரம் முந்தி."

நஸ்ரின் மறுபடி குழாயைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"வேலை இருந்துச்சு" என்றார் அவராகவே. "கிளம்பறேன் கிளம்பறேன்னுதான் சொல்லிட்டிருந்தேன்."

நஸ்ரின் துடைத்து முடித்துக் குழாயைக் கீழே வைத்தாள்.

"அன்னிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. ஒரே ஒரு தடவை, பக்கத்துல நின்னு அவன் நெஞ்சுல சுடணும். அவ்வளவுதான்."

அவள் அவர் மடியிலிருந்த துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"நாளைக்கு உங்களுக்கு இது கிடையாது."

பிறகு ஒரு வெள்ளைத் துணிச்சுருளை நீட்டினாள்.

"நீங்க மெடிக். சிவப்புப் படைக்கு."

"அவன் படைக்கா?"

"அவர் படைக்குத்தான்."

கோவர்த்தனன் துணியைக் கையில் வாங்காமல் நின்றார்.

"அடிபட்டவங்க விழுந்த இடத்துலயே கிடப்பாங்க. மெடிக்னு ஒரு தடவை கத்துவாங்க. நூறு எண்ணுவாங்க. அதுக்குள்ள நீங்க போகணும். தோள்ல கையை வெக்கணும். கையில ஒரு துண்டுத் துணி கட்டணும். கட்டிட்டா பிழைச்சாங்க. நூறு தாண்டிட்டா செத்தாங்க. செத்தவங்க தகரக் கொட்டகைக்குப் போயிடணும். அப்புறம் அன்னிக்கு ஆட்டம் இல்லை."

"அவன் விழுந்தா?"

"நூறுக்குள்ள போகணும்."

*

ஞாயிறு காலை. கோவர்த்தனனின் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அதைப் பார்த்தால் யாரும் சுட மாட்டார்கள்.

பஞ்சு குடோனில் ஒருவர் விழுந்தார். கோவர்த்தனன் ஓடிப் போய்த் தோளில் கை வைத்தார். அந்த ஆளின் உடம்பு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விளையாட்டுத்தான். ஆனாலும் அடித்துக்கொண்டிருந்தது.

"நல்லவேளை சார், தொண்ணூறைத் தாண்டிட்டேன்" என்றார் அந்த ஆள். பேங்க் மேனேஜராம். சிரித்தார்.

மாடிப்படியில் ஒரு பெண் விழுந்தாள். துணியைக் கட்டி முடிக்கும்வரை அவர் விரலை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டாள்.

வெயில் ஏறியது. சிவப்புப் படை பின்வாங்கிக்கொண்டே வந்தது. தரையெங்கும் நீலச் சாயம். காலடியில் உருண்டைகள் நசுங்கின.

நூற்புக் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"மெடிக்!"

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அது பேசப் பழகியதிலிருந்தே தெரியும்.

ஓடினார். கூடத்தின் நடுவே தகரத் தடுப்பு ஒன்று நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஜெகதீசன் எண்ணிக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு... பன்னெண்டு..."

தடுப்புக்கு இந்தப் பக்கம் கோவர்த்தனன் நின்றுவிட்டார்.

கிடக்கட்டும் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.

"முப்பத்தி நாலு... முப்பத்தஞ்சு..."

கூரை ஓட்டை வழியே வெயில் விழுந்த தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. எடுத்துக்கொண்டார்.

"அம்பத்தெட்டு."

எண்கள் மெதுவாகிக்கொண்டே வந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"எழுவத்தொண்ணு."

கோவர்த்தனன் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஜெகதீசன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். விலாவில் நீலம். கோவர்த்தனன் மண்டியிட்டார். முகமூடிக்குள் அவர் மூச்சே அவர் கண்ணை மறைத்தது. துணியைக் கிழிக்க வரவில்லை. பல்லால் கிழிக்க முகமூடியைத் தூக்கினார்.

எண்ணிக்கை நின்றது.

"அண்ணாவா?"

அவர் கையை நீட்டினார். தோள் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஜெகதீசன் அவர் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவர் கால்களைப் பார்த்தான். வெள்ளைத் துணியை நெடுநேரம் பார்த்தான்.

உருண்டு விலகி எழுந்தான். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"செத்துட்டேன்!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"டேய், இன்னும் நூறு ஆகலைடா!"

"ஆயிருச்சுண்ணா."

கையைத் தூக்கியபடியே நடந்து போனான். கொட்டகையில் உட்காரவில்லை. முகமூடியைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

*

ஆட்டம் முடிந்தது. நீலப் படை கொடியேற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டது. எல்லோரும் போன பிறகு கோவர்த்தனன் நஸ்ரினிடம் வந்தார்.

"நீங்க சொன்னபடி நூறுக்குள்ள போனேன். கையை நீட்டினேன். அவன்தான் வேண்டாம்னுட்டான். செத்தாலும் சாவானாம், என் கை படக் கூடாதாம். இப்பவாவது புரியுதுங்களா, அவன் எப்படிப்பட்டவன்னு?"

"எங்க விழுந்தார்?"

"நூற்புக் கூடத்துல."

"வாங்க."

நடந்தார்கள். கூடத்தில் யாரும் இல்லை. தரையில் நீலச் சாயம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"இங்கதான்" என்றார்.

"படுங்க சார்."

"எதுக்குங்க?"

அவர் அவளிடம் ஏன் என்று கேட்டது இது இரண்டாவது தடவை. அவள் தரையைக் காட்டினாள். அவர் படுத்தார். ஒருக்களித்து, அவன் படுத்திருந்த மாதிரியே. சிமென்ட் தரை கன்னத்தில் சில்லென்று பட்டது.

"எண்ணுங்க."

நஸ்ரின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"ஒண்ணு" என்றார் கோவர்த்தனன். "ரெண்டு. மூணு."

தகரம் தரையைத் தொடவில்லை. கீழே ஒரு முழம் இடைவெளி இருந்தது. நின்று பார்த்தபோது அது அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை.

அந்த இடைவெளியில், அவர் நின்ற அதே இடத்தில், நஸ்ரினின் இரண்டு கால்களும் தெரிந்தன. முழங்கால் வரைக்கும், தெளிவாக.

"பதினேழு... பதினெட்டு..."

கால்கள் அசையவில்லை. கூப்பிடு தூரம்கூட இல்லை. எழுந்தால் எட்டித் தொட்டுவிடலாம்.

"முப்பது."

ஒரு கால் லேசாக நகர்ந்தது. அவர் நெஞ்சு எழும்பியது. அந்தக் கால் மறுபடி பழைய இடத்துக்கே போய் நின்றது.

"நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி..."

அடுத்த எண் வாயில் வரவில்லை.

"கோச்" என்றார். "போதுங்க. வந்துருங்க."

கால்கள் நின்றுகொண்டிருந்தன.

"வாங்களேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எண்ணுங்க சார்."